ஆபீஸ் போனுக்கு வெளியிலிருந்து ஒரு வாசல்: டிஸாவைப் பூட்டி வைப்பது எப்படி

2018 பொங்கல் லீவு முடிந்து மில் திறந்த முதல் நாள் காலை, கணக்குப்பிள்ளை செல்லில் கூப்பிட்டார். மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை, பெயர் வேண்டாம். “அண்ணே, நாலு லைனும் செத்துப்போச்சுண்ணே. எந்த எக்ஸ்டென்ஷன்லேர்ந்து ஜீரோ போட்டாலும் எங்கேஜ் டோன்தான் வருது.” மழையும் இல்லை, இடியும் இல்லை. நாலும் ஒரே நேரத்தில் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொண்டே கும்பகோணத்திலிருந்து வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால் லைன் சாகவில்லை. வெளி லைன்கள் சேரும் டிரங்க் கார்டில் நாலு விளக்கும் எரிந்துகொண்டிருந்தன. ஆபீஸில் போனைத் தொட்டவர் யாரும் இல்லை. லைன் கம்பிகள் வந்து சேரும் குரோன் பெட்டியைத் திறந்து டெஸ்ட் போனின் கிளிப்பை மூன்றாவது ஜோடியில் மாட்டினேன். ஒரு பெண் குரல், எனக்குத் தெரியாத பாஷை, பதிவு செய்து வைத்த பேச்சு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அதைக் கேட்பதற்கு அந்தப் பக்கமும் ஆள் இல்லை, இந்தப் பக்கமும் ஆள் இல்லை. நாலாவது ஜோடியிலும் அதே. முதல் இரண்டு லைன் வழியாக யாரோ உள்ளே வந்து, அடுத்த இரண்டு லைன் வழியாக வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். போகியிலிருந்து காணும் பொங்கல் வரைக்கும் இதே கதைதான். மாதம் மூவாயிரத்தைத் தாண்டாத பில், அந்த மாதம் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துச் சொச்சம் வந்தது.

அந்த வாசலை வைத்துக் கொடுத்தவன் நான். 2015-ல் முதலாளி கேட்டார். மகன் சிங்கப்பூரில். ராத்திரி வீட்டிலிருந்து செல்லில் மில் நம்பரைப் போட்டு, மில் லைன் வழியாக மகனிடம் பேச வேண்டும். செல்லிலிருந்து நேராகக் கூப்பிட்டால் காசு அதிகம். சரி என்று, வெளியிலிருந்து கூப்பிட்டு ஆபீஸ் லைனை எடுக்க விடும் டிஸா என்ற வசதியைத் திறந்து, வெளிநாட்டுக்குப் பேசும் ஐஎஸ்டியையும் திறந்து, நாலு இலக்கத்தில் ஒரு கோட் போட்டுக் கொடுத்தேன். அவருடைய லாரி நம்பர்தான் கோட். அப்புறம் வாட்ஸ்அப்பில் முகம் பார்த்தே பேச ஆரம்பித்துவிட்டார்கள். டிஸாவை அவரும் மறந்தார், நானும் மறந்தேன். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இருபத்தைந்து வருஷமாக இந்தப் பக்கம் இபிஏபிஎக்ஸ் பெட்டிகளை, அதாவது ஆபீஸ் போன்களையெல்லாம் இணைக்கும் உள் எக்ஸ்சேஞ்சுகளை, பார்த்து வருகிறேன். அந்த மில்லுக்குப் பிறகு என் வழி மாறிவிட்டது. யாராவது டிஸா கேட்டால் என்ன செய்கிறேன், ஏற்கனவே இருக்கும் இடத்தில் எதையெல்லாம் பார்க்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் டிஸா என்றால் என்ன என்று இரண்டு வரி. டைரக்ட் இன்வர்ட் சிஸ்டம் ஆக்சஸ் என்பதன் சுருக்கம். வெளியிலிருந்து ஆபீஸ் நம்பரைக் கூப்பிட்டு, கோட் அடித்தால், பெட்டி உங்களை அங்கே உட்கார்ந்திருக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் மாதிரி நினைத்து டயல் டோன் கொடுக்கும். அதற்கப்புறம் எந்த மேஜைக்கும் பேசலாம், வெளி லைன் எடுத்து ஊர் உலகத்துக்கும் பேசலாம். காசு ஆபீஸ் கணக்கில். திருடுகிறவனுக்கு இதில் என்ன லாபம் என்று பலர் கேட்கிறார்கள். அவன் யாரோடும் பேசுவதற்காக வருவதில்லை. நிமிஷத்துக்குக் கூடுதல் கட்டணம் வாங்கும் நம்பர்கள் சில நாடுகளில் உண்டு. அந்த நம்பருக்குக் கால் போனால் வசூலாகும் பணத்தில் அவனுக்குப் பங்கு. அதனால்தான் மூன்றாவது ஜோடியில் அந்தப் பெண் தனியாகப் பேசிக்கொண்டிருந்தாள். லைன் அறுபடாமல் இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அவனுக்குக் காசு.

உங்களுக்கு டிஸா வேண்டுமா?

பத்தில் எட்டுப் பேருக்கு வேண்டாம். வெளியூரில் இருக்கும்போது ஆபீஸுக்கு வரும் கால் தன் செல்லுக்கு வர வேண்டும் என்பார்கள். அதற்கு கால் ஃபார்வர்டு போதும். மில்லுக்குப் போன் செய்து குடோனில் இருக்கும் ஆளைப் பிடிக்க வேண்டும் என்பார்கள். அதற்கு ஆட்டோ அட்டெண்டன்ட் போதும். எக்ஸ்டென்ஷன் நம்பரை அடித்தால் மணி அடிக்கும், வெளி லைன் கிடைக்காது. ஆபீஸ் நம்பரிலிருந்தே வாடிக்கையாளருக்குப் பேச வேண்டும், தன் செல் நம்பர் வெளியே தெரியக் கூடாது என்று சொல்கிற டாக்டர், வக்கீல், பட்டு வியாபாரி போன்றவர்களுக்குத்தான் உண்மையில் இது தேவை. அவர்களிலும், இன்டர்நெட் முறையில் ஓடும் ஐபி பெட்டி இருந்தால் செல்லிலேயே ஒரு எக்ஸ்டென்ஷன் ஆப் போட்டுக் கொடுத்துவிடலாம்.

வேண்டாம் என்றால் அணைத்துவிடுங்கள். அணைத்தாகிவிட்டது என்று டீலர் சொன்னால் நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல், ஆபீஸ் பூட்டியிருக்கும்போது, ஒவ்வொரு லைன் நம்பரையும் செல்லிலிருந்து கூப்பிடுங்கள். ஒவ்வொன்றையும் என்பது முக்கியம். மூன்று லைனில் மூடி நாலாவதில் விட்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். குரல் வந்ததும் ஸ்டார், ஹேஷ், 0, 9 என்று ஒவ்வொன்றாக அடித்துக் காது கொடுத்துக் கேளுங்கள். தொடர்ச்சியான டயல் டோன் மாதிரி ஒன்று கேட்டால், அல்லது ஒன்றுமே சொல்லாமல் அமைதியாகக் காத்திருந்தால், அங்கே ஒரு வாசல் இருக்கலாம்.

பூட்டை எங்கிருந்து ஆரம்பிப்பது

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். தலைமதகின் ஷட்டரை இறக்கி மதகு பார்க்கும் லஸ்கர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டால், கீழே வாய்க்காலில் எவன் மடையை வெட்டினாலும் தண்ணீர் வராது. தலைமதகைத் திறந்து போட்டுவிட்டு வயல் வரப்பில் மண் அணைத்துக்கொண்டிருந்தால் விடிய விடிய அணைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். எல்லாரும் கோட் எண்ணை மாற்றுவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அது வரப்பு. கோட் ஏற்கனவே வெளியே போய்விட்டது என்று வைத்துக்கொண்டு, போனாலும் எவ்வளவு நஷ்டம் ஆகும் என்பதை மேலிருந்து கட்டிக்கொண்டு வாருங்கள்.

தலைமதகு என்பது டெலிபோன் கம்பெனியின் எக்ஸ்சேஞ்ச். ஒவ்வொரு லைனுக்கும் ஐஎஸ்டியை அங்கேயே மூடச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். லைன் நம்பர்களை ஒவ்வொன்றாக எழுதி, நகலில் சீல் வாங்கி வையுங்கள். இன்டர்நெட் முறையில் வரும் சிப் டிரங்க் லைன் என்றால் இன்னும் இரண்டு கேளுங்கள்: ஒரே நேரத்தில் எத்தனை கால் வெளியே போகலாம் என்று ஒரு வரம்பு, நாளொன்றுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மேல் போனால் நிறுத்து என்று ஒரு வரம்பு. பல லைன்களை ஒரே இணைப்பில் கொண்டுவரும் பிஆர்ஐ வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் இதை அவசியம் செய்ய வேண்டும். பிஆர்ஐயில் முப்பது சேனல். மில்லில் இரண்டு லைனில் நடந்தது அங்கே பதினைந்தில் நடந்தால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

பெட்டியிலேயே ஐஎஸ்டியை மூடினால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது, இரண்டு காரணம்.

ஒன்று, சாதா லைனில் ஒரு பழைய ஓட்டை உண்டு. நீங்கள் அடிக்கும் நம்பரைப் பெட்டி சரிபார்த்துவிட்டுத்தான் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பும். ஆனால் சில பெட்டிகளில், லைனை எடுத்துவிட்டு ஒன்றும் அடிக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தால், பெட்டி சலித்துப் போய்ப் பேச்சு வழியைத் திறந்துவிடும். அப்போது காதில் கேட்பது நேராக எக்ஸ்சேஞ்சின் டயல் டோன். அதன் மேல் வெளிநாட்டுக் காலுக்கான 00 அடித்தால் பெட்டிக்குத் தெரியவே தெரியாது. உங்கள் பெட்டியில் இது நடக்கிறதா என்று ஒரு எக்ஸ்டென்ஷனிலிருந்தே சோதிக்கலாம்: லைன் எடுங்கள், அரை நிமிஷம் சும்மா இருங்கள், பிறகு தடை செய்யப்பட்ட ஒரு நம்பரை அடியுங்கள்.

இரண்டாவது காரணம் கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் அந்தப் புயல் கரை ஏறியது. தென்னையும் கரண்ட் கம்பமும் சாய்ந்து, வேதாரண்யம், பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டைப் பக்கமெல்லாம் கரண்ட் வர நாள் கணக்கானது. சில கிராமங்களில் வாரக் கணக்கு. யுபிஎஸ் பேட்டரி முதல் நாளே போய்விட்டது. பழைய பெட்டிகளின் போர்டில் நாணயம் அளவுக்கு ஒரு மெமரி பேட்டரி இருக்கும். வருஷக் கணக்கில் யாரும் மாற்றாததால் அதுவும் கைவிட்டுவிட்டது. கரண்ட் வந்ததும் பெட்டி உயிர் பெற்றது, ஆனால் பிறந்த குழந்தை மாதிரி. நாம் போட்ட தடைகள் ஒன்றும் இல்லை, புரோகிராமிங் பாஸ்வேர்டு கம்பெனி கொடுத்த 1234. போன் அடிக்கிறது, பேச முடிகிறது, அதனால் யாரும் கவனிக்கவில்லை. டிசம்பர் முழுக்க ஒவ்வொரு இடமாகப் போய்த் திரும்ப எழுதினேன். எக்ஸ்சேஞ்சில் மூடி வைத்திருந்த இடங்களில் மட்டும் அவசரப்படாமல் வேலை பார்த்தேன். அதிலிருந்து இரண்டு பழக்கம்: மெமரி பேட்டரியை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது, புரோகிராமை ஒரு பென் டிரைவில் எடுத்து முதலாளி வீட்டில் வைப்பது. இடி விழுந்து கார்டு மாற்றினால், ரீசெட் செய்தால், அன்றைக்கே தடைப் பட்டியலை மறுபடி சோதிக்க வேண்டும்.

தடைப் பட்டியல்

இது இரண்டாவது மதகு. டிஸா வழியாக வருபவருக்கென்று தனியாக ஒரு கிளாஸ், அதாவது எந்தெந்த நம்பருக்குப் பேசலாம் என்ற உரிமைப் பிரிவு, ஒதுக்குங்கள். முதலாளியின் எக்ஸ்டென்ஷனுக்கு இருக்கும் கிளாஸை அப்படியே கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. நான் செய்ததும் அதுவே. முதலாளி தன் அறையில் உட்கார்ந்து எதையும் அடிக்கலாம். வாசல் வழியாக வருபவர் முதலாளிதானா என்பது பெட்டிக்குத் தெரியாது.

எதைத் தடுப்பது என்று யோசிக்காமல், எதை விடுவது என்று யோசியுங்கள். இங்கே ஒரு சிக்கல். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல் நம்பரைக் கூப்பிட முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அதுவரைக்கும் பல ஆபீஸ்களில் 0 என்று ஆரம்பித்தாலே கூடாது என்று ஒரே வரியில் எஸ்டிடியை மூடி வைத்திருந்தோம். அந்த வாரம் எல்லா ஊரிலிருந்தும் போன்: செல்லுக்குப் போக மாட்டேன் என்கிறது. அவசரத்தில் டெக்னீசியன்கள் என்ன செய்தார்கள்? 0-வைத் திறந்தார்கள். 0 திறந்தால் 00-வும் திறந்தது. அப்படி விட்டுப் போன பெட்டிகளை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உங்களுடையதும் அப்படி இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள்.

நான் எழுதுவது இப்படி. 00 என்று ஆரம்பித்தால் கூடாது. இந்த வரி எல்லாவற்றுக்கும் மேலே. 06, 07, 08, 09 என்று ஆரம்பித்தால் சரி; நம் செல் நம்பர்கள் 6 முதல் 9 வரைதான் ஆரம்பிக்கும். 04 சரி; கும்பகோணத்தின் 0435, தஞ்சாவூரின் 04362, திருவாரூரின் 04366, மாயவரத்தின் 04364, சென்னையின் 044 எல்லாம் அதில் அடக்கம். 1800 சரி. இதில் இல்லாத எதுவும் கூடாது. மும்பையில் வியாபாரம் உள்ளவருக்கு 022-ஐச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் உள்ளே இருக்கும் எக்ஸ்டென்ஷன்களில் 100, 101, 108, 112 எந்தத் தடையிலும் சிக்காமல் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். தடை போடும் ஆர்வத்தில் ஆம்புலன்ஸை மறித்துவிடக் கூடாது.

கோட்

மில்லில் யாரோ வேலையாள்தான் கோடை வெளியே சொல்லியிருப்பார் என்று கணக்குப்பிள்ளை அடித்துச் சொன்னார். ஒரு டிரைவர் பெயரையும் சொன்னார். நல்லவேளை, கால் பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். பொங்கலுக்கு முந்தைய வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் விடியும் வரை, முப்பது நாற்பது விநாடி நீளத்தில் உள்ளே வந்த கால்கள். ஒன்று முடிந்ததும் அடுத்தது. பக்கம் பக்கமாக ஒரே மாதிரி. ஒரு மெஷின் உட்கார்ந்து ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்த்திருக்கிறது. டிரைவர் பாவம், அவருக்கு டிஸா என்று ஒன்று இருப்பதே தெரியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நாலு இலக்கம் என்றால் மொத்தம் 10,000 எண்கள். ஒரு முயற்சிக்குப் பத்து விநாடி என்றால், எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க ஒரு லட்சம் விநாடி, அதாவது 28 மணி நேரத்துக்குள். மூன்று நாலு ராத்திரி வேலை. இதைவிட மோசமான இன்னொன்று இருக்கிறது. இருபது பேருக்கு இருபது கோட் கொடுத்திருந்தால் திருடனுக்கு அதில் ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும். சராசரியாக ஐந்நூறில் ஒன்று மாட்டும். ஒன்றரை மணி நேரத்துக்குள் உள்ளே வந்துவிடுவான். ஆறு இலக்கத்தில் ஒரு கோட் என்றால் 115 நாள். எட்டு இலக்கம் என்றால் 31 வருஷம். இருபது கோட் இருந்தாலும் ஒன்றரை வருஷம். பெட்டி எத்தனை இலக்கம் வரை விடுகிறதோ அத்தனையையும் பயன்படுத்துங்கள். நாலுக்கு மேல் விடாத பழைய பெட்டி என்றால் அதில் டிஸா வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், முதலாளி கோபித்தாலும் சரி.

மூன்று முறை தப்பாக அடித்தால் லைனை வெட்டு என்பது மட்டும் போதாது. வெட்டியதும் மெஷின் மறுபடி கூப்பிடும். அந்தக் கோடையோ அந்த வாசலையோ ஒரு மணி நேரம் பூட்டு என்று ஒரு வசதி இருந்தால் அதைப் போடுங்கள். ஆளுக்கு ஒரு கோட். பொதுக் கோட் வைத்தால் யார் வழியாகப் போனது என்று தெரியாமல் ஒரு டிரைவர் மேல் பழி விழும். ஆள் வேலையை விட்டுப் போன அன்று, செட்டில்மென்ட் கையெழுத்துக்கு முன்னால், கோடை அழித்துவிடுங்கள்.

இன்னொரு சங்கதி. செல்லில் ஆபீஸ் நம்பரைப் போட்டு, ஒரு கமா போட்டு, பின்னாலேயே கோடையும் சேர்த்து ‘ஆபீஸ் லைன்’ என்று பெயர் வைத்துச் சேமித்துக்கொள்வார்கள். ஒரு தொடலில் வேலை முடியும் என்பதால் ஆசை. அந்த செல் டிஸ்ப்ளே மாற்றக் கடைக்குப் போகிறது, பேரன் கையில் விளையாடுகிறது, ஒரு நாள் பஸ்ஸில் தொலைகிறது. கோடைக் கையால் அடிக்கச் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள். அதனால்தான் கோட் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

திரும்பக் கூப்பிட வைப்பது

வரும் நம்பரைப் பார்த்து, முதலாளி செல் என்றால் மட்டும் உள்ளே விடு என்று சில பெட்டிகளில் அமைக்கலாம். நல்லதுதான், கோடோடு சேர்த்து வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பிக் கோடை எடுத்துவிடாதீர்கள். அழைக்கும் நம்பரைப் பொய்யாகக் காட்டுவது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை.

எனக்குப் பிடித்தது கால்பேக். முதலாளி கூப்பிடுகிறார், பெட்டி எடுக்காமலே வெட்டிவிடுகிறது. பத்து விநாடியில், பதிவு செய்து வைத்திருக்கும் அவர் செல்லுக்குப் பெட்டியே கூப்பிடுகிறது. எடுத்துக் கோட் அடித்தால் டயல் டோன். யாராவது அவர் நம்பரைப் பொய்யாகக் காட்டிக் கூப்பிட்டாலும், திரும்பப் போகும் கால் முதலாளியின் செல்லில்தான் அடிக்கும். நடுராத்திரி ஆபீஸ் நம்பரிலிருந்து கால் வந்தால் அதுவே எச்சரிக்கை. திருபுவனத்தில் ஒரு பட்டுக் கடைக்கு இப்படி வைத்துக் கொடுத்து வருஷங்களாயிற்று. முதலாளி ஆரம்பத்தில், “என்னப்பா, நான் கூப்பிட்டா வெட்டிட்டுத் திரும்ப அதுவே கூப்பிடுது, மிஸ்டு கால் குடுக்குற மாதிரி இருக்கே” என்றார். “ஆமாங்கய்யா, மிஸ்டு கால்தான்” என்றேன். இப்போது அவருக்கே பெருமை.

நேரமும் நிமிஷமும்

வாசலைக் காலை எட்டிலிருந்து ராத்திரி ஒன்பது வரை மட்டும் திறக்கும்படி டைம் டேபிள் போடுங்கள். லீவு நாள் பட்டியலும் வேண்டும். திருட்டுக்குத் தோதான நேரம் யாரும் பில் பார்க்காத நாலு நாள்.

இரண்டு வெளி லைன்கள் ஒன்றோடொன்று பேசும்போது அதற்கு ஒரு கால வரம்பு வையுங்கள், பத்து நிமிஷம் போதும். இது திருடனுக்காக மட்டும் இல்லை. சாதா லைனில் எதிர்முனை வைத்துவிட்டது என்பதைப் பெட்டி எப்போதும் கண்டுபிடிப்பதில்லை. நடுவில் ஒரு எக்ஸ்டென்ஷன் இருந்தால் அந்த ஆள் ரிசீவரை வைத்ததும் லைன் விடுபடும். டிஸாவில் இரண்டு பக்கமும் வெளி லைன். இரண்டு பேரும் வைத்த பிறகும் பெட்டி இரண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும். பில் ஓடும், லைன் கிடைக்காது. எதிர்முனை வைத்ததைக் காட்டும் போலாரிட்டி ரிவர்சல் என்ற சமிக்ஞையை எக்ஸ்சேஞ்சில் கேட்டு வாங்கினாலும், பெட்டியில் பிஸி டோன் அறியும் அமைப்பை ஆன் செய்தாலும், டைமர் இருக்கட்டும்.

பக்கத்து வாசல்கள்

டிஸாவை மூடிவிட்டு மற்றதை மறந்தால் பயன் இல்லை. வாய்ஸ்மெயில் பெட்டிகளின் பாஸ்வேர்டு பெரும்பாலும் எக்ஸ்டென்ஷன் நம்பரேதான். அதற்குள் நுழைந்து, ஃபார்வர்டை ஒரு வெளி நம்பருக்குத் திருப்பிவிட்டால் அதுவும் டிஸா மாதிரிதான். யாரும் பயன்படுத்தாத வாய்ஸ்மெயிலை அழியுங்கள், எக்ஸ்டென்ஷனை வெளி நம்பருக்குத் திருப்பும் உரிமையைத் தேவையானவருக்கு மட்டும் விடுங்கள். டீலர் தூரத்திலிருந்து புரோகிராம் செய்ய வைத்திருக்கும் மோடம், ஆபீஸ் கம்ப்யூட்டரில் எப்போதும் திறந்திருக்கும் எனிடெஸ்க் என்ற ரிமோட் ஆப், இரண்டையும் அணைத்து வையுங்கள். எனக்குத் தேவை என்றால் நான் போன் செய்து கேட்கிறேன், கணக்குப்பிள்ளை ஆன் செய்கிறார், வேலை முடிந்ததும் அணைக்கிறார். லாட்ஜ் ரிசப்ஷனில் இருப்பவருக்கு ஒன்று சொல்லி வையுங்கள்: டெலிபோன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், லைன் டெஸ்ட், இந்த எண்களை அழுத்திவிட்டு வையுங்கள் என்று யார் கேட்டாலும் செய்யக் கூடாது. அது வெளி லைனை அந்த ஆளுக்கு மாற்றிவிடும் வேலையாக இருக்கலாம்.

ஐபி பெட்டி, குறிப்பாக ஆஸ்டெரிஸ்க், ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற சாஃப்ட்வேர்களில் ஓடும் பெட்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சிப் கால்கள் வரும் 5060 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்துவிட்டு லாகைப் பாருங்கள். சீக்கிரமே யாரோ 100, 101, 102 என்று எக்ஸ்டென்ஷன்களைத் தட்டிப் பார்ப்பது தெரியும். போர்ட் நம்பரை மாற்றினால் சத்தம் குறையும், ஆபத்து குறையாது. வெளியில் இருக்கும் ஆட்கள் விபிஎன் என்ற பூட்டிய தனி வழியாக வரட்டும். வயர்கார்டு என்ற விபிஎன் ஆப் செல்லில் சுலபமாக ஓடுகிறது. முடியாது என்றால் ஃபெயில்டுபேன் என்ற சாஃப்ட்வேரைப் போட்டு, தப்பாக முயற்சி செய்யும் ஐபியைத் தடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாஸ்வேர்டை மெஷினே தேர்ந்த நீளமான எழுத்துகளாக வையுங்கள். 101-க்குப் பாஸ்வேர்டும் 101 என்று இருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. ஃப்ரீபிபிஎக்ஸில் டிஸா போடும்போது, எங்கெல்லாம் பேசலாம் என்பதைத் தீர்மானிக்கும் கான்டெக்ஸ்ட் என்ற கட்டத்தில் ஃப்ரம் இன்டர்னல் என்று தானாகவே நிற்கும். அப்படியே விட்டால் உள்ளே இருப்பவருக்கு உள்ள எல்லா உரிமையும் வெளியிலிருந்து வருபவருக்கும் போகும். மேலே சொன்ன பட்டியல் மட்டும் உள்ள ஒரு கான்டெக்ஸ்ட் எழுதி அதைக் கொடுங்கள். ஆஸ்டெரிஸ்க் டிஸாவில் பாஸ்வேர்டு இல்லாமல் திறக்கும் ஒரு முறையும் உண்டு. சோதனைக்கு என்று போட்டுவிட்டு மறந்தவர்களின் கதை எனக்குத் தெரியும்.

தினம் ஒரு பார்வை

மில்லில் இப்போது கணக்குப்பிள்ளை காலையில் டீ வந்ததும் முந்தைய நாள் கால் பதிவைத் திறக்கிறார். நாலே விஷயம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்: ராத்திரியில் உள்ளே வந்த குட்டிக் குட்டிக் கால்கள், 00 என்று முயன்று தோற்றவை, டிஸா வழியாக வெளியே போனவை, சரியாகப் பத்து நிமிஷத்தில் வெட்டுப்பட்டவை. ஐந்து நிமிஷ வேலை. ஒரு முறை ராத்திரிக் கால்களைப் பார்த்துப் பதறிப்போய்க் கூப்பிட்டார். பார்த்தால் அறுவடை மெஷின்காரர், முதலாளி எடுக்கவில்லை என்று விடாமல் அடித்திருக்கிறார்.

நடந்தேவிட்டது என்றால்: டிரங்க் லைன்களைக் குரோனில் கழற்றுங்கள், பெட்டியின் கரண்டைப் பிடுங்காதீர்கள், பதிவுகள் போய்விடலாம். பதிவை உடனே நகல் எடுங்கள். டெலிபோன் கம்பெனிக்குப் போன் செய்து ஐஎஸ்டியை அப்போதே நிறுத்தச் சொல்லி, அன்றைக்கே எழுத்திலும் கொடுங்கள். 1930-க்குக் கூப்பிட்டு சைபர் கிரைமில் புகார் பதிவு செய்யுங்கள். பில்லைத் தகராறு செய்ய அந்தப் புகார் எண் உதவும். இன்னொரு காரணமும் இருக்கிறது: உங்கள் லைன் வழியாக யாரோ யாரையோ மிரட்டியிருந்தால், எதிர்முனையில் தெரிந்தது உங்கள் நம்பர். போலீஸ் உங்கள் வாசலுக்கு வரும்போது புகார் முன்னாலேயே இருப்பது நல்லது. மில்லில் மூன்று மாதம் அலைந்து பில்லில் ஒரு பகுதியைக் குறைக்க முடிந்தது. மீதியை அவர் கட்டினார். அந்த வருஷப் பராமரிப்புக்கான ஏஎம்சி பணத்தை நான் கேட்கவில்லை.

கடைசி வேலை

எல்லாம் அமைத்த பிறகு ஆபீஸில் உட்கார்ந்து சோதிக்காதீர்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் வந்து, ஒரு டீக்கடையில் காபி சொல்லிவிட்டு, பெட்டிக்குத் தெரியாத ஒரு செல்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். தப்பான கோட் மூன்று முறை: வெட்ட வேண்டும். நாலாவது முறை சரியான கோட்: பூட்டியிருக்கும் நேரம் என்பதால் அதுவும் தோற்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி, சரியான கோட், 0 சேர்த்து என்னுடைய இன்னொரு செல்: மணி அடிக்க வேண்டும், எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டால் பத்தாவது நிமிஷம் அறுபட வேண்டும். அப்புறம் லைன் எடுத்து அரை நிமிஷம் சும்மா இருந்து 00 65. சிங்கப்பூர். எக்ஸ்சேஞ்சிலிருந்து அந்தப் பெண் குரல், இந்த வசதி உங்கள் போனில் இல்லை என்று சொன்னால் காபிக்குக் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறேன்.